காசிமேட்டுல வீட்டுக்கு மீன் வாங்கறது: எந்த நேரம், எந்தப் படகு, எவ்ளோ ஐஸ்?

புதுக்குடித்தனம் (வளசரவாக்கம்)

ஞாயித்துக்கிழமை காசிமேடு மீன்பிடித் துறைமுகம் போகலாம்னு இருக்கோம். வீட்ல ஆறு பேர். வறுக்க வஞ்சரம், குழம்புக்குச் சங்கரா, கொஞ்சம் இறால், கிடைச்சா நண்டு. எத்தனை மணிக்குப் போகணும்? ஏலத்துல நாமளே நேரா எடுக்க முடியுமா? வளசரவாக்கம் வந்து சேர்றதுக்குள்ள கெடாம எப்படிக் கொண்டுவர்றது? தெருமுனைக் கடையைவிட அங்க புதுசா கிடைக்கும்னு எல்லாரும் சொல்றாங்க, அதை நம்பித்தான் கிளம்பறோம்.

வலைக்கயிறு

ஏலம் நடுராத்திரி தாண்டி ஆரம்பிச்சு விடியறதுக்குள்ள பெரும்பகுதி முடிஞ்சிடும். அது வியாபாரிங்களுக்கானது. எடைபோட்டு விக்கறதில்ல, கூடையாவோ கூறாவோ ஏலம் விடுவாங்க. ஒரு கூடை எடுத்தா முழுசா நீங்கதான் எடுத்துக்கணும், கலந்து கிடக்கற சின்ன மீனும் அதுல வரும். ஆறு பேர் வீட்டுக்கு அது தேவையில்ல. நாலஞ்சு குடும்பம் சேர்ந்து போறீங்கன்னா கூடை எடுத்துப் பிரிச்சுக்கலாம், கண்டிப்பா லாபம்.

உங்களுக்கு ஏத்தது, ஏலத்துல எடுத்துட்டு அங்கேயே உக்காந்து சில்லறையா விக்கற அம்மாங்ககிட்ட வாங்கறது. அஞ்சு மணியிலிருந்து ஏழு மணிக்குள்ள போயிடுங்க. எட்டு மணிக்கு மேல ஞாயித்துக்கிழமை கால் வைக்க இடம் இருக்காது, மீன்மேல வெயிலும் ஏறிடும்.

இன்னொண்ணு, "காசிமேட்டுல வாங்கினா இன்னைக்குப் பிடிச்ச மீன்"ங்கிறது பாதிதான் உண்மை. பெரிய விசைப்படகு ஒரு தடவை கிளம்பினா ஒரு வாரம், அதுக்கு மேலயும் கடல்லயே இருக்கும். ஆந்திரா கடல் பக்கம் வரைக்கும் போவாங்க. முதல் நாள் பிடிச்சது அடியில ஐஸ்ல இருக்கும், கடைசி நாள் இழுத்தது மேல இருக்கும். ரெண்டும் ஒரே விடிகாலையில இறங்கும், ஒரே இடத்துல விலைக்கு வரும். சின்ன ஃபைபர் படகு அப்படியில்ல. ராத்திரி போய்க் காலையில வந்துடும். மீன் கம்மி, வகை கம்மி, ஆனா அன்னைக்குள்ளது. வாங்கறப்போ "போட்டு மீனா (விசைப்படகு மீனைத்தான் அப்படிச் சொல்லுவாங்க), ஃபைபர் மீனா?"ன்னு கேளுங்க. கேக்கறவங்களுக்கு விவரம் தெரியும்னு அவங்களும் புரிஞ்சுப்பாங்க, சரியாத்தான் சொல்லுவாங்க.

நொச்சிநிழல்

அன்னைக்குப் பிடிச்ச மீன்தான் வேணும்னா வடக்கே அவ்ளோ தூரம் எதுக்கு? நொச்சிக்குப்பம், பட்டினப்பாக்கம் பக்கம் வாங்க. லூப் ரோட்டோரக் கடைகளுக்காகக் கட்டின மீன் அங்காடி 2024-ல திறந்தாச்சு. அங்க வர்றது பெரும்பாலும் ஃபைபர் மீன். கிழங்கான், நெத்திலி, மத்தி, சின்னச் சங்கரா, நண்டு எல்லாம் காலையில கரைக்கு வந்த சூட்டோட கிடைக்கும். வளசரவாக்கத்துலேருந்து வழியும் சுலபம். நாலு கிலோ வஞ்சரம் மாதிரி பெரிய மீன் மட்டும் தினமும் கிடைக்கும்னு எதிர்பார்க்கக் கூடாது, அதுக்குக் காசிமேடுதான்.

ஐஸ்பெட்டி

இருவர் சொல்வதும் சரி. ஆனால் நாள் கணக்கை மட்டும் பார்த்து முடிவு செய்வது தவறு. மீன் பிடிபட்டு எத்தனை நாள் ஆனது என்பதைவிட, ஐஸ் இல்லாமல் எத்தனை மணி நேரம் கிடந்தது என்பதுதான் முக்கியம்.

மீன் கெடும் வேகத்துக்கு ஒரு தோராயமான கணக்கு உண்டு. 0 டிகிரியில் உள்ள வேகத்தை ஒன்று என்று வைத்தால் 10 டிகிரியில் 4 மடங்கு, 20 டிகிரியில் 9 மடங்கு, 30 டிகிரியில் 16 மடங்கு. சென்னையில் காலை எட்டு மணிக்கே 30 டிகிரி சர்வசாதாரணம். ஐந்து மணிக்குக் கரைக்கு வந்த ஃபைபர் மீன் பதினொரு மணி வரை ஐஸ் இல்லாமல் தட்டில் கிடந்தால், அந்த ஆறு மணி நேரம் ஐஸில் நான்கு நாள் கிடந்ததற்குச் சமம். வலையிலிருந்து எடுத்ததும் கழுவி ஐஸில் புதைத்த விசைப்படகு மீன் ஐந்தாம் நாளிலும் நன்றாகவே இருக்கும். அதனால் எந்தச் சந்தைக்குப் போனாலும் முதலில் பார்க்க வேண்டியது தட்டில் ஐஸ் இருக்கிறதா என்பதைத்தான். ஃபைபர் மீன் வாங்குவதென்றால் சீக்கிரம் போவது கட்டாயம்.

மீனைச் சோதிக்கும்போது கண்ணை மட்டும் நம்ப வேண்டாம். ஐஸ் நேரடியாகப் படும் கண் வெளுத்து மங்கும், மீன் நன்றாக இருந்தாலும் அப்படித்தான். செவுளைத் தூக்கிப் பாருங்கள்: சிவப்பாக, ஈரமாக, கடல் வாசனையோடு இருக்க வேண்டும். பழுப்பாகி, கொழகொழவென்று புளித்த வாடை அடித்தால் வேண்டாம். விரலால் முதுகுச் சதையை அழுத்துங்கள், பள்ளம் விழுந்து அப்படியே நின்றால் பழையது. மத்தி, நெத்திலியில் வயிற்றைப் பாருங்கள். அவற்றின் குடலில் உள்ள நொதிகள் வயிற்றுச் சுவரைச் சீக்கிரம் கரைத்துவிடும், வெடித்த வயிறு அதிகமாக இருக்கும் குவியல் பழையது.

மண்சட்டி

ஆறு பேருக்கு எவ்ளோன்னு நான் சொல்றேன். முழு வஞ்சரம் 2 கிலோ எடுத்தீங்கன்னா தலை, குடல், வால் போக ஒன்றரைக் கிலோ துண்டு நிக்கும், வறுவலுக்குத் தாராளம். தலையை விட்டுட்டு வராதீங்க, குழம்புல போடுங்க. சங்கரா கால் கிலோ எடையில ஆறு மீன் எடுத்தா ஒன்றரைக் கிலோ, ஆளுக்கு ஒண்ணு. இறால் தலையோட 1 கிலோ வாங்கினா உரிச்சப்புறம் அரைக் கிலோ பக்கம்தான் மிஞ்சும், தொக்குக்கு அது போதும். நண்டுல ஓடுதான் அதிகம், சதை மூணுல ஒரு பங்குன்னு கணக்கு வெச்சுக்கோங்க, ஆறு பேருக்கு 2 கிலோவாவது வேணும். இவ்வளவையும் ஒரே நாள்ல சமைக்க முடியாது. வஞ்சரமும் சங்கராவும் ஒரு வாரம், இறாலும் நண்டும் இன்னொரு வாரம்னு பிரிச்சுக்கறது நல்லது.

வெட்டறவங்ககிட்ட "வறுவலுக்கு"ன்னு மட்டும் சொன்னா ஆளுக்கொரு கனத்துல போடுவாங்க. வறுவலுக்கு அரை அங்குலம், குழம்புக்கு முக்கால் அங்குலம்னு விரலை வெச்சுக் காட்டுங்க. ஒரு அங்குலத் துண்டை வறுத்தா மேல மசாலா கருகும், நடு முள்கிட்ட ரத்தம் நிக்கும். சங்கராவை முழுசா வறுக்கறதா இருந்தா ரெண்டு பக்கமும் மூணு கீறல், முள் தட்டுற ஆழத்துக்கு.

புதுக்குடித்தனம் (வளசரவாக்கம்)

அக்கா, ரொம்ப நன்றி. துண்டு போட்டு வெச்சிருக்கிற வஞ்சரம் வாங்கலாமா? 2 கிலோ மீனைவிடப் பெரிய மீனோட துண்டு ருசின்னு சொல்றாங்களே.

மண்சட்டி

பெரிய மீன் துண்டு ருசிதான், அதுல மாத்தமில்ல. ஆனா முழு மீனைக் கண்ணால பார்த்து, உங்க முன்னாடி வெட்டச் சொல்லி அதுல ஒரு பங்கு வாங்குங்க. 5 கிலோ மீனைப் பக்கத்துல நிக்கறவங்களோட பாதிப் பாதி பேசி எடுக்கறது அங்க தினமும் நடக்கறதுதான். அப்படி எடுக்கறப்போ நடுத்துண்டு ஒருத்தருக்கு, வால்துண்டு ஒருத்தருக்குன்னு ஆகாம, ஒண்ணுவிட்டு ஒண்ணாப் பிரிக்கச் சொல்லுங்க.

வலைக்கயிறு

வெட்டி வெச்ச துண்டுல ஷீலா மீன் கலந்து வரும். ஷீலாவும் நல்ல மீன்தான், வஞ்சரம் விலைக்குக் கொடுக்கறதுதான் தப்பு. தோலைப் பாருங்க. வஞ்சரத்துல செதில் கண்ணுக்கே தெரியாது, தோல் வழவழன்னு இருக்கும். ஷீலாவுல செதில் எடுத்த தடம் வரிவரியாத் தெரியும்.

வவ்வால் வாங்கறப்பவும் கவனம். ரூப்சந்துன்னு ஒரு வளர்ப்பு மீன், நல்ல தண்ணியில வளர்றது. அகலமா, வட்டமா வவ்வால் மாதிரியே இருக்கும், சின்னதா இருந்தா ஏமாந்துடுவோம். மீனைத் திருப்பி வயித்துக்கு அடியில பாருங்க. வளர்ந்த கடல் வவ்வாலுக்கு, வெள்ளையானாலும் கறுப்பானாலும், வயித்துத் துடுப்பு கிடையாது. ஒரு ஜோடித் துடுப்பு தொங்கினா அது ரூப்சந்த். முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவுல குட்டியா ஒரு சதைத் துடுப்பு இருக்கும், வாயைத் திறந்தா தட்டையான பல் வரிசை தெரியும். மூணுல ஒண்ணு பார்த்தாலே போதும்.

நொச்சிநிழல்

இறால்ல வனாமியா, கடல் இறாலான்னு கேட்டுக்கோங்க. நகரத்துல விக்கறதுல பெரும்பகுதி பண்ணையில வளர்ற வனாமிதான். அது மட்டம்னு சொல்ல மாட்டேன், பண்ணையிலிருந்து அறுவடை பண்ணின உடனே ஐஸ்ல போட்டு வர்றதால பல நேரம் கடல் இறாலைவிட உறுதியா இருக்கும். விலைதான் வேற, ரெண்டையும் ஒரே விலைக்கு வாங்கக் கூடாது. கொடுவாவும் அதே கதைதான். சாந்தோம் நெடுஞ்சாலையில இருக்கிற மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997-ல கொடுவாவைச் செயற்கையா இனப்பெருக்கம் பண்ண வெச்சதுக்கு அப்புறம் பண்ணைக் கொடுவா நம்ம பக்கம் வளர்ந்தது. ஒரே அளவா, ஒண்ணு மாதிரி ஒண்ணு அடுக்கி இருந்தா பண்ணைது.

ஐஸ்பெட்டி

இறாலில் தலையும் உடலும் சேரும் இடத்தைப் பாருங்கள். பிடியில்லாமல் தலை தொங்கினால் நேரமாகிவிட்டது என்று அர்த்தம். தலையிலும் ஓட்டின் ஓரங்களிலும் கறுப்பு படர்வது கிருமியால் அல்ல, இறாலின் சொந்த நொதியால் வரும் நிறமாற்றம், நறுக்கிய வாழைக்காய் கறுப்பதைப் போல. லேசாக இருந்தால் சாப்பிடலாம், ஆனால் ஐஸ் சரியாக வைக்கவில்லை என்று அது சொல்லிவிடும். கடம்பாவில் (கணவாய்) தோலின் பழுப்புப் புள்ளிகள் தனித்தனியாகத் தெரிந்து, சதை வெள்ளையாக, பளபளப்பாக இருக்க வேண்டும். புள்ளி கலைந்து மொத்தமும் இளஞ்சிவப்பாகிவிட்டால் பழையது.

சூரை, கானாங்கெளுத்தி, மத்தி வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். இந்த மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். வெயிலில் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். ஒருமுறை உண்டான ஹிஸ்டமின் கொதிக்கவைத்தாலும் வறுத்தாலும் போகாது, உறைய வைத்தாலும் போகாது. சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் முகம் சிவக்கும், அரிக்கும், தலைவலி வரும். நாக்கில் மிளகு பட்டதுபோலச் சுருக்கென்று உணர்ந்தால் அந்த மீனை அப்படியே வைத்துவிடுங்கள். "எனக்கு மீன் ஒத்துக்காது" என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களில் சிலருக்குப் பிரச்சினை மீனே அல்ல, அது ஐஸ் இல்லாமல் கிடந்த நேரம்தான். மூச்சுத்திணறல் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

திருவொற்றியூர்_5மணி

வழி சொல்லிடறேன். பீச் ஸ்டேஷன் தாண்டி ராஜாஜி சாலையிலேயே வடக்கே வந்து ராயபுரம் வழியா காசிமேடு. துறைமுகத்துக்குப் போற கன்டெய்னர் லாரி வரிசை நின்னா அந்த ரோடு நகராது, அதனாலேயும் ஆறு மணிக்கு முன்னாடி வந்துடறது நல்லது. ரயில்னா ராயபுரத்துல இறங்கி ஆட்டோ. 1856-ல திறந்த ஸ்டேஷன் அது, தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் அங்கேருந்துதான் கிளம்பிச்சு, பழைய கட்டடத்தை ஒரு பார்வை பார்த்துட்டு வாங்க.

தோல் செருப்பு வேண்டாம், ரப்பர் செருப்பு போடுங்க. தரை முழுக்க மீன் தண்ணியும் ஐஸும், வழுக்கும். ஜிபே நிறைய பேர்கிட்ட இருக்கு, ஆனா கூட்டத்துல நெட்வொர்க் சுத்திட்டே இருக்கும், அதனால நூறு, ஐம்பது நோட்டா வெச்சுக்கோங்க. வெட்டுகூலி தனி, வெட்டறவங்களும் தனி வரிசையில இருப்பாங்க. மீன் வித்தவங்களே வெட்டித் தருவாங்கன்னு நினைக்காதீங்க. கூலியை வெட்டறதுக்கு முன்னாடியே பேசிடணும்.

வலைக்கயிறு

எடை விஷயம். தட்டை வெச்சதும் தராசு சைபர் காட்டுதான்னு பாருங்க, அப்புறம் மீன் போடச் சொல்லுங்க. ஐஸ் ஒட்டின இறாலைத் தண்ணி வடிச்சுட்டுத்தான் நிறுக்கணும், ஒரு கிலோவுல நூறு கிராம் தண்ணியாவே போயிடும். விலை இங்க எழுதி வைக்கறது வீண், நாளுக்கு நாள் மாறும். போனவுடனே ஒரு சுத்து சும்மா சுத்தி நாலு இடத்துல கேளுங்க, அன்னைக்கு விலை தெரிஞ்சிடும்.

ஞாயித்துக்கிழமைதான் இருக்கறதுலயே விலை அதிகம். செவ்வாய், வியாழன்ல போக முடிஞ்சா அதே மீன் குறைஞ்சு கிடைக்கும், நின்னு பேசி வாங்கலாம். புரட்டாசியில பாதி ஊர் கவுச்சி தொடாததால விலை நல்லா இறங்கும்.

புதுக்குடித்தனம் (வளசரவாக்கம்)

தடைக்காலம்னு சொல்றாங்களே, அப்போ காசிமேடு மூடியிருக்குமா?

வலைக்கயிறு

மூட மாட்டாங்க. ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள், விசைப்படகு மட்டும் போகக் கூடாது. மீன் முட்டை போடற காலம் அது. ஃபைபர் படகுக்கும் கட்டுமரத்துக்கும் தடையில்ல. அந்த ரெண்டு மாசமும் சின்ன மீன் வாங்கிச் சாப்பிடுங்க, அதுதான் நம்ம கடல்ல அன்னைக்குப் பிடிச்சது. அப்போ கிடைக்கற பெரிய வஞ்சரம் பெரும்பாலும் கேரளா பக்கத்திலிருந்து லாரியில வந்தது, இல்லேன்னா குளிர்பதனக் கிடங்குல இருந்தது. மேற்குக் கடற்கரைத் தடை ஜூன் 1-லதான் ஆரம்பிக்கும், அதான் அங்கேருந்து வருது. ஐப்பசி, கார்த்திகையில புயல் எச்சரிக்கை வந்துட்டா எல்லாப் படகும் கரையிலதான். அந்த நாள்ல "காலையில வந்த மீன்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

நொச்சிநிழல்

மீன் கெடாம இருக்கச் சில பேர் போடறாங்கன்னு சொல்ற ஃபார்மலின் ரசாயனம் பத்தி யாரும் பேசலையே?

ஐஸ்பெட்டி

பயப்படுவதில் நியாயம் உண்டு, ஆனால் கண்ணால் கண்டுபிடிக்கும் குறிப்புகள் எதுவும் உறுதியானவை அல்ல. ஈ மொய்க்காததற்கு ஐஸும் காரணமாக இருக்கலாம், விறைப்பாக இருப்பது புது மீனின் இயல்பும்கூட. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய சோதனைத் தாள் இருக்கிறது, மீன்மேல் தேய்த்து மருந்துத் துளி விட்டால் நிறம் மாறும். சந்தேகம் வலுவாக இருந்தால் அதுதான் வழி. செவுள் பழுப்பாக, கண் குழிவிழுந்து, வாடை மட்டும் அடிக்கவே அடிக்காத மீன் என்றால் சோதனைக்குக்கூடக் காத்திருக்காமல் விட்டுவிடுங்கள். பழைய மீன் நாற வேண்டும்.

இனி கொண்டுபோகும் விஷயம். மீன் எவ்வளவோ அவ்வளவு எடை ஐஸ்: 4 கிலோ மீனுக்கு 4 கிலோ. தெர்மாகோல் பெட்டியின் அடியில் ஓரத்தில் பேனா நுழையும் அளவுக்கு ஒரு துளை போட்டு, கீழே ஒரு பழைய தட்டு வையுங்கள். அடியில் இரண்டு அங்குலம் ஐஸ், அதன்மேல் மீன், இடுக்கிலெல்லாம் ஐஸ், மேலே மறுபடி ஐஸ். உருகிய தண்ணீர் வெளியே போக வேண்டும், மீன் அதிலேயே ஊறினால் ருசி போய்ச் சதை தளரும். ஐஸ் பார் உடைத்து விற்பவர்கள் துறைமுகத்திலேயே இருக்கிறார்கள். பொடியாக உடைக்கச் சொல்லுங்கள், பெரிய கட்டி மீனை நசுக்கும், எல்லா இடத்திலும் படவும் படாது. வெட்டிய துண்டுகளை மட்டும் கவரில் கட்டி ஐஸில் வையுங்கள், நேராகப் பட்டால் வெட்டுமுகம் வெளுத்துப்போகும்.

மண்சட்டி

நண்டு பத்திச் சொல்ல விட்டுப்போச்சு. கடல் நண்டு பெரும்பாலும் ஐஸ்லதான் வரும். திருப்பிப் போட்டு அடிப்பக்க ஓட்டைக் கட்டைவிரலால அழுத்துங்க. உள்ள போச்சுன்னா அது தண்ணி நண்டு, ஓடு கழட்டிப் புது ஓடு வர்ற சமயத்துல பிடிச்சது, உள்ள சதை இருக்காது. ஒரே அளவுல ரெண்டு எடுத்துக் கையில தூக்கிப் பார்த்தா கனமானது எதுன்னு தெரியும், அதை எடுங்க. சேத்து நண்டு கால் கட்டி உயிரோட விப்பாங்க, அது உயிரோடதான் வாங்கணும், செத்ததை வாங்காதீங்க. வீட்டுக்குக் கொண்டுவர்றப்போ தண்ணியில போடாம ஈரச் சாக்குல சுத்திக் கொண்டுவாங்க. வயித்துல வெளிப்பக்கமா முட்டை ஒட்டிக்கிட்டு இருக்கற நண்டை விட்டுடுங்க, அது பொரிக்கப் போற முட்டை. அதை நாம வாங்காம இருந்தாத்தான் பிடிக்கறவங்களும் கடல்லயே விடுவாங்க.

புதுக்குடித்தனம் (வளசரவாக்கம்)

வஞ்சரம் மீந்தா ஃப்ரீசர்ல எத்தனை நாள் வைக்கலாம்? மசாலா தடவி வைக்கலாமா?

ஐஸ்பெட்டி

வீட்டு ஃப்ரீசரைத் திறந்து மூடிக்கொண்டே இருப்போம், மின்வெட்டும் வரும். அதனால் வஞ்சரத்துக்கு ஒரு மாதம், மத்தி, கானாங்கெளுத்திக்கு இரண்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்ச் சத்து அதிகமான மீனில் கொழுப்பு சீக்கிரம் காறிவிடும். துண்டுகளைத் தட்டில் பரப்பி முதலில் உறைய விடுங்கள். பிறகு ஐஸ் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி மறுபடி உறைய விட்டால் மேலே மெல்லிய பனிப்படலம் பிடிக்கும், அது சதை காய்வதைத் தடுக்கும். ஒரு வேளைக்கு ஒரு கவர் என்று காற்றில்லாமல் கட்டுங்கள். முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி உருக விடுங்கள், வெளியே வைத்து உருக்க வேண்டாம்.

மண்சட்டி

மசாலா தடவி ஃப்ரீசர்ல வைக்காதீங்க. உப்பு தண்ணியை இழுத்துடும், வறுக்கறப்போ துண்டு உதிரும். உருக விட்டு, தண்ணி ஒத்தி எடுத்து, அப்புறம் மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, எலுமிச்சை தடவி அரை மணி நேரம் ஊறினாப் போதும். கல்லுல போட்டதும் உடனே திருப்பாதீங்க, அடி தானா விட்டுக் கொடுக்கும் வரை அசைக்காம இருந்தா மசாலா கல்லுல ஒட்டிக்காது.